தவழாம உட்கார்ந்தே நகர்ற குழந்தை: எப்போ கவலைப்படணும்?



ஒன்பது மாசத் தடுப்பூசிக்குப் போற அன்னிக்குத்தான் நிறைய அம்மாக்களுக்கு இந்தக் கவலை ஆரம்பிக்குது. ஊசிக்காக வரிசையில உட்கார்ந்திருப்பாங்க. பக்கத்துக் குழந்தை முட்டி போட்டு விறுவிறுன்னு தவழ்ந்து போய் யாரோட செருப்பையோ பிடிச்சு இழுக்கும். நம்ம குழந்தையை விட்டா, உட்கார்ந்தபடியே பின்பக்கத்தைத் தேய்ச்சுக்கிட்டு ரெண்டு அடி நகரும். "என்னம்மா, இன்னும் தவழலையா?"ன்னு யாராவது ஒருத்தர் கேட்டுருவாங்க. வீட்டுக்கு வந்தா மாமியார் ஒண்ணு சொல்வாங்க, பக்கத்து வீட்டு அக்கா இன்னொண்ணு சொல்வாங்க. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது.

இந்த வீடியோ அவங்களுக்காகத்தான். குழந்தை நகர்ற விதம் வித்தியாசமா இருந்தா அதுல எது சாதாரணம், எதைக் கண்டிப்பா டாக்டர்கிட்ட காட்டணும்னு விவரமாப் பார்ப்போம்.

முதல்ல அந்த உட்கார்ந்து நகர்றதையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். குழந்தை முதுகை நேரா வச்சு உட்கார்ந்திருக்கு. ஒரு கால் உள்பக்கமா மடங்கியிருக்கு, இன்னொரு கால் முன்னாடி நீட்டியிருக்கு. நீட்டின காலோட குதிகாலைத் தரையில அழுத்தி, உடம்பை முன்னாடி இழுக்குது. ஒரு கை பக்கத்துல ஊன்றியிருக்கு, இன்னொரு கையில பொம்மை. ஒவ்வொரு இழுப்புக்கும் இடுப்பு லேசா எழும்பி அமருது. சில குழந்தைகள் இப்படியே கூடத்துல இருந்து சமையலறை வரைக்கும் நாம எழுந்து போறதுக்குள்ள போயிரும்.

இந்தக் குழந்தைகள்கிட்ட இன்னொண்ணும் கவனிக்கலாம். குப்புறப் போட்டா பிடிக்காது, அழும். கக்கத்துல பிடிச்சுத் தூக்கி நிக்க வைக்கப் போனா, காலைத் தரையில ஊன்றாம முன்னாடி மடக்கித் தூக்கிக்கும். அந்தரத்துல ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும். பார்க்கிற அம்மாவுக்குப் பகீர்னு ஆகும், "கால்ல பலமே இல்லையோ"ன்னு. ஆனா குழந்தை மருத்துவர்களுக்கு இது நல்லாப் பழக்கமான அடையாளம். உட்கார்ந்து நகர்ற குழந்தைகள்ல நிறையப் பேர் இதைப் பண்ணும்.

ஏன் இப்படின்னா, பல காரணம் இருக்கு. சில குழந்தைகளுக்கு உடம்பு வாகே கொஞ்சம் தளர்வா, மூட்டுகள் நல்லா வளையற மாதிரி இருக்கும். சில வீடுகள்ல இது பரம்பரையா வரும். பாட்டி "உன் புருஷனும் சின்னதுல இப்படித்தான் தேய்ச்சுக்கிட்டே போனான், ரொம்ப லேட்டாத்தான் நடந்தான்"னு சொன்னா, தயவுசெஞ்சு அதைக் காதுல வாங்கிக்கோங்க. டாக்டரும் உங்ககிட்ட கேட்கிற கேள்வி அது. குடும்பத்துல இப்படி நகர்ந்தவங்க இருக்காங்களாங்கிறது மருத்துவத்துக்குத் தேவையான தகவல்.

உட்கார்ந்து நகர்றது ஒரு வகைதான். வயித்தைத் தரையில வச்சு முழங்கையால இழுத்துக்கிட்டுப் போற குழந்தை உண்டு. பின்னாடியே போற குழந்தை உண்டு. காலை விடக் கை பலமா தள்ளுறதால அப்படி ஆகும், கொஞ்ச நாள்ல முன்னாடி வந்துரும். உருண்டுக்கிட்டே போறதுகளும், முட்டி போடாம கையையும் பாதத்தையும் ஊன்றிப் போறதுகளும் உண்டு. எதையும் பண்ணாம நேரா கட்டிலைப் பிடிச்சு எழுந்து நின்னு நடந்துடற குழந்தையும் உண்டு.

இது அனுபவப் பேச்சு மட்டும் இல்ல, அளந்தே பார்த்திருக்காங்க. உலக சுகாதார நிறுவனம் அக்ரா, டெல்லி, ஆஸ்லோ, மஸ்கட், கலிஃபோர்னியாவில் இருக்கிற டேவிஸ்னு ஐந்து ஊர்கள்ல 816 ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனிச்சு, 2006ல முடிவுகளை வெளியிட்டுச்சு. அதுல 4.3 சதவீதக் குழந்தைகள் முட்டி போட்டுத் தவழவே இல்ல. நூறு நல்ல குழந்தைகள்ல நாலு பேர் அந்தப் படியைத் தாண்டிட்டாங்க.

அதே ஆய்வுல வந்த வயசுக் கணக்கையும் சொல்றேன், ஏன்னா பதற்றத்தோட பாதி இதுலதான் இருக்கு. பிடிமானம் இல்லாம உட்கார்றது: 3.8 மாசத்துல இருந்து 9.2 மாசம் வரைக்கும். முட்டி போட்டுத் தவழ்றது: 5.2ல இருந்து 13.5 வரைக்கும். தனியா நடக்கிறது: 8.2ல இருந்து 17.6 வரைக்கும். அந்த நடை இடைவெளியைப் பாருங்க. ஒன்பது மாசத்துலயே நடந்த குழந்தையும் பதினேழு மாசத்துல நடந்த குழந்தையும் ரெண்டுமே சாதாரணக் கணக்குக்குள்ளதான் வருது. பக்கத்து வீட்டுக் குழந்தையை வச்சு அளக்கிறதுல அர்த்தமே இல்லன்னு நான் அடிச்சுச் சொல்றது இதனாலதான்.

பிறகு 2022ல அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையம், பெற்றோருக்குக் கொடுக்கிற வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தினப்போ தவழ்றதையே அதுல இருந்து எடுத்துட்டாங்க. பிசியோதெரபிஸ்ட்கள் பலர் அதை எதிர்த்தாங்க. அவங்க பக்கத்துலயும் நியாயம் இருக்கு. தவழும்போது தோள், கை, இடுப்பு எல்லாம் சேர்ந்து வேலை செய்யுது; அது நல்ல பயிற்சி. அதனால தவழ வாய்ப்புக் கொடுங்க, ஆனா தவழலைங்கிற ஒண்ணை மட்டும் வச்சு நோய்னு முடிவு பண்ணாதீங்க. என் கருத்து இது.

தவழ்றதைத் தனிப் படியா வைக்காதது புதுசும் இல்ல, நம்ம பிள்ளைத்தமிழ் மரபையே எடுத்துக்கோங்க. குழந்தையோட பருவங்களைப் பத்தாப் பிரிச்சவங்க, ஐந்தாம் மாசத்துக்குச் செங்கீரைன்னு வச்சாங்க. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, ரெண்டு கையையும் தரையில ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடுற நிலை அது. ஒன்பதாம் மாசம் சப்பாணி, உட்கார்ந்து கை கொட்டுறது. அப்புறம் முத்தம். பதிமூணாம் மாசம் வருகை, அதாவது நடந்து வர்றது. முட்டி போட்டுத் தவழ்றதுக்குன்னு தனியா ஒரு பருவமே அந்தப் பத்துல இல்ல.

பாப்புவா நியூ கினியில ஆவ்னு ஒரு மக்கள் இருக்காங்க. அங்க குழந்தையைப் பெரும்பாலும் தூக்கியேதான் வச்சிருப்பாங்க, தரையில படுக்கப் போடறது ரொம்பக் கம்மி. டேவிட் ட்ரேஸர்ங்கிற மானிடவியலாளர் அவங்களைப் பார்த்து எழுதியிருக்கார். அந்தக் குழந்தைகள் தவழ்றதில்ல. உட்கார்ந்தபடியே தேய்ச்சு நகர்ந்து, பிறகு நடந்துடறாங்க. இங்க ஒரு அம்மாவை அழ வைக்கிற விஷயம், அங்க எல்லா வீட்டுலயும் நடக்கிறது.

"தவழாத குழந்தைக்கு மூளை சரியா வளராது, பின்னாடி படிப்பு ஏறாது"ங்கிற பேச்சையும் நீங்க கேட்டிருப்பீங்க. இதுக்கு ஒரு மூலம் உண்டு. 1950கள், 60கள்ல அமெரிக்காவோட பிலடெல்பியாவுல க்ளென் டோமன், கார்ல் டெலகாட்டோன்னு ரெண்டு பேர், தவழ்ற மாதிரி கை காலை அசைச்சு விட்டாலே மூளைக் குறைபாட்டைச் சரி பண்ணலாம்னு ஒரு சிகிச்சை நடத்தினாங்க. தவழ்ற படியைத் தவறவிட்டா வாசிப்புல சிக்கல் வரும்னும் அவங்க சொன்னாங்க. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1982லயும், திரும்ப 1999லயும், இந்தச் சிகிச்சைக்கு ஆதாரம் இல்லன்னு வெளிப்படையாவே சொல்லிருச்சு. ஆனா பயம் மட்டும் இன்னும் ஊர் சுத்திக்கிட்டிருக்கு. இந்தப் பயத்தைக் காட்டிப் பணம் கேட்கிறவங்க இருந்தா, எழுந்து வந்துடுங்க.

இப்போ முக்கியமான இடம். நிதானமாக் கேளுங்க.

குழந்தை எந்த விதத்துல நகர்ந்தாலும் ரெண்டு விஷயத்தைப் பாருங்க. ரெண்டு பக்கமும் வேலை செய்யுதா? மாசத்துக்கு மாசம் புதுசா ஏதாவது வருதா?

ரெண்டு பக்கமும்னு சொன்னேன் இல்லையா, அதைக் கொஞ்சம் விவரமாச் சொல்லணும். உட்கார்ந்து நகர்ற குழந்தை ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி வச்சிருக்கிறது மட்டும் பிரச்சினை இல்ல. ஆனா எப்பவும் ஒரே கைதான் பொம்மைக்கு நீளுது, இன்னொரு கை முஷ்டி மூடியே இருக்கு, ஒரு கால் பின்தங்கி இழுபடுதுன்னா, அதை விடாதீங்க. எட்டு மாசத்துக் குழந்தை இடது கையை மட்டும் நீட்டினா நம்ம வீட்டுல "இடது கைக்காரன் போல, புத்திசாலியா வருவான்"னு சந்தோஷப்படுவாங்க. அந்த வயசுல கைப்பழக்கம் வரக்கூடாது. ஒரு வயசுக்கு முன்னாடியே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினா, அடுத்த கையில பலவீனம் இருக்கான்னு டாக்டர் பார்க்கணும். மூளைவாதத்தோட ஒரு வகை இப்படித்தான் முதல்ல வெளிய தெரியும். சீக்கிரம் கண்டுபிடிச்சா பயிற்சி சீக்கிரம் ஆரம்பிக்கலாம், அதனால பலன் உண்டு.

வேற எதெல்லாம்? கால் விறைப்பா, கத்தரிக்கோல் மாதிரி குறுக்க போகுது. எப்பவும் நுனிவிரல்லயே நிக்குது. தூக்கினா துணி மாதிரி துவண்டு தொங்குது. ஒன்பது மாசம் முடிஞ்சும் தனியா உட்காரல. முன்னாடி பண்ணினதை இப்போ பண்ண மாட்டேங்குது, இது எந்த வயசா இருந்தாலும் உடனே போகணும். ஒரு வயசு ஆகியும் எந்த விதத்துலயும் இடம் விட்டு இடம் போகல. டயபர் மாத்தும்போது ஒரு தொடை மட்டும் சரியா விரியலன்னா இடுப்பு மூட்டைப் பார்க்கச் சொல்லுங்க.

பதினெட்டு மாசம் ஆகியும் தனியா நடக்கலன்னா கட்டாயம் டாக்டர்கிட்ட காட்டணும். உட்கார்ந்து நகர்ற குழந்தைகள் பொதுவாவே தாமதமாத்தான் நடக்கும், சிலது ரெண்டு வயசைக்கூட ஒட்டிப் போகும். அது தெரிஞ்சதுதான். இருந்தாலும், "இவன் தேய்ச்சு நகர்ற குழந்தை, லேட்டாத்தான் நடப்பான்"னு நீங்களே தீர்ப்பு எழுதிடாதீங்க. இடுப்பு, தசை பலம், தைராய்டு, வைட்டமின் டி எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்துட்டு டாக்டர் அதைச் சொல்லட்டும். ஆண் குழந்தைன்னா சி.கே.ன்னு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதுவாங்க. தசைச்சிதைவு நோய் இல்லன்னு உறுதி பண்றதுக்காக அது. பேரைக் கேட்டுப் பயப்படாதீங்க, சாதாரண ரத்தப் பரிசோதனைதான்.

குறைமாசத்துல பிறந்த குழந்தைக்கு வயசைத் திருத்திக் கணக்குப் பண்ணணும். ரெண்டு மாசம் முன்னாடி பிறந்திருந்தா, இப்போ பத்து மாசம்னா, இந்தக் கணக்குக்கு எட்டு மாசம்தான். இதைத் தெரியாம எத்தனையோ பேர் வீணா மனசைப் போட்டு வதைச்சுக்கிறாங்க.

வீட்டுல என்ன பண்ணலாம்? தரையில விடுங்க, அவ்வளவுதான். முழிச்சிருக்கும்போது பாய் விரிச்சு, குப்புறப் போட்டு, நீங்களும் எதிர்ல குப்புறப் படுத்துப் பேசுங்க. குப்புற பிடிக்காத குழந்தையை உங்க நெஞ்சு மேல படுக்க வைங்க, ரெண்டு நிமிஷம் போதும், அழுதா எடுத்துருங்க. டைல்ஸ் தரையில சாக்ஸும் முழு பேண்ட்டும் போட்டிருந்தா முட்டி வழுக்கும். காலை வெறுமனே விடுங்க. தூங்க வைக்கும்போது மட்டும் மல்லாக்கத்தான், அதுல மாற்றமே இல்ல.

வாக்கர் வாங்காதீங்க. உள்ள உட்கார வச்சு உருட்டுற அந்த சக்கர வாக்கரைச் சொல்றேன். நடையைச் சீக்கிரம் வர வைக்காது. படியில உருண்டு தலையில அடிபட்ட குழந்தைகள் அதிகம்னு கனடா 2004லயே அதைத் தடை பண்ணிருச்சு. நம்ம ஊர் நடைவண்டி வேற. குழந்தை தானா எழுந்து நிக்க ஆரம்பிச்ச பிறகு, நீங்க பக்கத்துல இருக்கும்போது, அதைத் தள்ளிக்கிட்டு நடக்கட்டும்.

ஒரு எச்சரிக்கையும் இருக்கு. நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரன் அடால்ஃப்ங்கிற உளவியலாளர் குழந்தைகளைச் சரிவுப் பலகையில விட்டுப் பார்த்தாங்க. தவழ்றதுல தேர்ந்த குழந்தை செங்குத்தான சரிவைப் பார்த்தா நின்னுரும். அதே குழந்தை நடக்க ஆரம்பிச்ச புதுசுல அதே சரிவுல நேரா இறங்கி விழும். ஒரு நிலையில கத்துக்கிட்ட ஜாக்கிரதை அடுத்த நிலைக்குத் தானா வர்றதில்ல. அதனால, "தேய்ச்சு நகரும்போது வாசப்படியில நின்னுருவாளே"ன்னு நம்பாதீங்க. அவ எழுந்து நடக்கிற வாரம் படிக்குத் தடுப்பு வச்சிருங்க. அடால்ஃப் குழுவோட இன்னொரு கணக்கு: புதுசா நடக்கிற குழந்தை விளையாடும்போது ஒரு மணி நேரத்துக்குச் சராசரியா 17 தடவை விழுது. விழறதும் கத்துக்கிறதுல சேர்த்திதான்.

அம்மாவைக் குத்தம் சொல்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. "நீ தரையில விடாததால்தான், நீ தூக்கியே வச்சிருந்ததால்தான்"னு ஒரு தாயைச் சொல்லிக் காட்டாதீங்க. உட்கார்ந்து நகர்றதுக்குக் காரணம் பெரும்பாலும் குழந்தையோட உடல்வாகும் பரம்பரையும். அந்தத் தாய் ஏற்கெனவே தூங்காம இருக்கா.

சந்தேகம் இருந்தா இன்னிக்கே ஒரு வேலை பண்ணுங்க. போனை எடுத்துக் குழந்தை நகர்றதை ஒரு நிமிஷம் முன்பக்கம் இருந்தும், ஒரு நிமிஷம் பக்கவாட்டுல இருந்தும், கால் தெரியற மாதிரி எடுத்து வைங்க. டாக்டர் அறையில குழந்தை நகரவே நகராது, அழும். வீடியோ இருந்தா அவருக்கு எல்லாம் தெரியும். 16லிருந்து 24 மாசத்துக்குள்ள போடற தடுப்பூசிக்குப் போகும்போது, ஊசி போட்டதும் கிளம்பிடாம நடையைப் பத்தியும் கேளுங்க. அங்கன்வாடியில, ஆரம்ப சுகாதார நிலையத்துல சொன்னா, மாவட்டத்துல இருக்கிற டி.இ.ஐ.சி.ங்கிற ஆரம்பக்கட்டச் சிகிச்சை மையத்துக்கு எழுதிக் கொடுப்பாங்க. குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் எல்லாம் அங்க ஒரே இடத்துல பார்ப்பாங்க, கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டுல எங்க போறதுன்னு தெரியலன்னா 104க்கு போன் பண்ணிக் கேளுங்க.