பரணில் கிடக்கும் வீடியோ கேம்: பழசுக்கு என்ன விலை?

ஒரு பழைய வீடியோ கேமை 11 கோடி ரூபாய் கொடுத்து வாங்கினார்கள் என்றால் நம்புவீங்களா? நிஜந்தான். 1996-ல் வந்த 'சூப்பர் மாரியோ 64' கேம் ஒன்று, 2021 ஜூலையில் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் நம்ம பணம் 11 கோடிக்கு மேல்!

உடனே பரணில் ஏறிவிட வேண்டாம். உலகம் முழுக்க 1 கோடிக்கு மேல் விற்ற கேம் அது. ஏலம் போனது உறை பிரிக்காமல், மூலை மடங்காமல் புதுசாகவே இருந்தது. பிரித்து விளையாடியது என்றால் சில ஆயிரம் ரூபாய்தான் பெறும். ஆக, வயசுக்கு விலை இல்லை. இருக்கிற நிலைக்குத்தான் விலை.

சிங்கப்பூர், துபாய் போனவர்கள் வாங்கி வந்த டிவி கேம் நம்மில் சிலர் வீட்டிலும் இருக்கலாம். பல்லைப் பார்க்காமல் மாட்டுக்கு விலை பேசுவோமா? அதுபோல, பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடும் முன் இவற்றைப் பார்ப்போம்:

1. அசலா, நகலா? 1990-களில் நம் ஊர்க் கடைகளில் விற்றவை பெரும்பாலும் நகல்கள். '9999 கேம்' என்று போட்ட கேசட் நகல்தான். அதற்குப் பெரிய விலை கிடையாது. ஸ்டிக்கரில் எழுத்து மங்கலாக இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

2. முழுசா இருக்கா? அட்டைப்பெட்டி, விளக்கப் புத்தகம், கேசட் மூன்றும் சேர்ந்திருந்தால் மதிப்பு கூடும். காலிப் பெட்டியைக்கூட வாங்க ஆள் உண்டு.

3. சேதம் உண்டா? ஸ்டிக்கர் கிழிசல், பேனாவால் எழுதிய பெயர், மஞ்சளித்த பிளாஸ்டிக் எல்லாம் விலையைக் குறைக்கும். பேட்டரி போடும் இடத்தில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

4. அரிதானதா? 1990-ல் அமெரிக்காவில் நின்டெண்டோ நடத்திய போட்டியை ஒட்டிப் பரிசாகக் கொடுத்த கேசட்டுகள் சாம்பல் நிறத்தில் 90, தங்க நிறத்தில் 26. அதனால்தான் தேய்ந்திருந்தாலும் அவற்றுக்குக் கிராக்கி.

ஓடாத கேசட்டை வாயால் ஊதும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு உண்டு. அது கூடாது, எச்சில் ஈரத்தில் உலோகப் பட்டைகள் களிம்பேறிவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் மெல்லத் துடைத்து, காய்ந்த பிறகே போட வேண்டும்.

விலை தெரிய, படித்த பிள்ளைகளை இணையத்தில் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் கேட்கும் விலையை நம்பாதீர்கள். அதே நிலையில் உள்ள பொருள் கடைசியாக எவ்வளவுக்கு விற்று முடிந்தது என்பதுதான் கணக்கு.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். "வாங்கி வைத்தால் கோடி வரும்" என்று யாராவது சொன்னால், குழுக் கடன் எடுத்து அதில் போடாதீர்கள். ஏறும் விலை இறங்கவும் செய்யும், தவணை நிற்காது. வீட்டில் இருப்பதன் மதிப்பைத் தெரிந்துகொண்டு விற்போம், அதுவே நமக்கு லாபம்.