சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு

வீட்டில் பாட்டுக் கேட்க ஆம்பிளிபயர் இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் இருக்கின்றன. இவற்றை ஒயரால் இணைக்க வேண்டும். இதற்கு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டுமா? வேண்டாம். நீங்களே செய்யலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டுதான் ஒயரில் கை வைக்க வேண்டும்.

ஸ்பீக்கர் ஒயர் இரட்டை ஒயர். பெரும்பாலும் ஒன்று சிவப்பு, மற்றது கறுப்பு. நம் நாட்டில் பல வீடுகளில் மின்சார ஒயரும் இதே நிறம்தான். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. சுவரோரம் ஒரு ஒயர் முனை கிடக்கிறது. யாரோ அதை மின்சார ஒயர் என்று நினைத்து, சுவிட்ச் போர்டில் செருகிவிட்டால் என்ன ஆகும்? வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஸ்பீக்கர் கருகும். மறுமுனையில் தோல் சீவிய ஒயரைத் தொட்டவர் உயிருக்கே ஆபத்து. வெறும் ஒயரைச் செருகி, தீக்குச்சியால் இறுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த வழக்கம் உள்ள வீட்டில் இது நடக்கக்கூடியதே. ஸ்பீக்கர் ஒயருக்கு ஒருபோதும் பிளக் மாட்டாதீர்கள்.

இனி ஒயர் வாங்கலாம். கடைக்காரர் 23/36, 40/36 என்று சொல்வார். முதல் எண், ஒயருக்குள் எத்தனை இழை என்பது. அடுத்த எண், இழை எவ்வளவு மெல்லியது என்பது. ஒரே இழைதான் என்றால், இழை கூடக் கூட ஒயர் தடிமன். சிறிய அறைக்கு 23/36 போதும். ஒயர் பத்து மீட்டரைத் தாண்டினால் 40/36 வாங்குங்கள். மெல்லிய ஒயர் நீளமாகப் போனால் சத்தம் வழியிலேயே குறையும். இழையைப் பிளேடால் சுரண்டியும் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். செம்பின் விலை கொடுக்காதீர்கள்.

வேலை தொடங்கும் முன் ஆம்பிளிபயர் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சுவரோரமாகக் கயிறு வைத்து அளந்து, ஒரு அடி கூட்டி வெட்டுங்கள். முனையில் இரண்டு ஒயர்களையும் இரண்டு அங்குலம் பிரியுங்கள். பிறகு அரை அங்குலம் தோலைச் சீவுங்கள். பல்லால் கடித்து இழுக்காதீர்கள். பல்லும் போகும், இழையும் அறும். பிளேடை மெதுவாகச் சுற்றிக் கீறி, தோலை இழுத்தால் கழன்றுவிடும். இழைகளைத் திரி திரிப்பது போல வலப்பக்கமாக முறுக்குங்கள்.

இந்த முறுக்கில் அவசரம் வேண்டாம். ஒரே ஒரு இழை பிரிந்து, சிவப்பிலிருந்து கறுப்பைத் தொட்டால் ஷார்ட் ஆகும். ஆம்பிளிபயர் எரிந்துபோகலாம். பாட்டு கேட்க ஆசைப்பட்டு ரிப்பேர் செலவுதான் மிஞ்சும்.

ஆம்பிளிபயரின் பின்னால் சிவப்பு, கறுப்புக் கிளிப்புகள் இருக்கும். கிளிப்பை அழுத்தி, முனையை நுழைத்து, விடுங்கள். கிளிப் செம்பைக் கடிக்க வேண்டும், தோலை அல்ல. மெல்ல இழுத்துப் பாருங்கள். வரக் கூடாது. ஸ்பீக்கரிலும் அப்படியே. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. இரண்டு ஒயரும் ஒரே நிறமா? ஒன்றின் மேல் கோடோ எழுத்தோ இருக்கும். கோடு போட்டதைச் சிவப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெட்டியில் மட்டும் நிறம் மாறினால் எதுவும் எரியாது. ஆனால் மேளச் சத்தம் சப்பென்று இருக்கும். ஒரு ஸ்பீக்கரின் தாள் முன்னே வரும்போது மற்றது பின்னே போகிறது. அதனால் ஒன்றின் சத்தத்தை மற்றது அழிக்கிறது. பழைய ஸ்பீக்கரில் நிறம் அழிந்திருந்தால் ஒரு டார்ச் செல் போதும். ஆம்பிளிபயரிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, செல்லின் இரு முனைகளிலும் ஒயர்களை ஒரு நொடி தொடுங்கள். தாள் முன்னே வந்தால், செல்லின் குமிழைத் தொட்ட ஒயர்தான் சிவப்பு.

ஆம்பிளிபயரின் பின்னால் எழுதியிருப்பதையும் படியுங்கள். அங்கே குறைந்தது 8 ஓம் என்று போட்டிருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டக் கூடாது. ஒரே கிளிப்பில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைச் சேர்த்து மாட்டினாலும் 4 ஓம்தான் ஆகும். ஆம்பிளிபயர் கொதித்துப் போகும்.

ஒயரைப் பாய்க்கு அடியிலும் கதவு இடுக்கிலும் விடாதீர்கள். மின்சார ஒயர் போகும் குழாய்க்குள் நுழைக்கவே கூடாது. பிறகு சத்தத்தை முழுதும் குறைத்து வைத்து, பிளக்கைச் செருகி, மெல்லக் கூட்டுங்கள். ஒரு பக்கம் கேட்கவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்தப் பக்கத்துக் கிளிப்பைப் பாருங்கள்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. இரண்டு துண்டுக் காகிதத்தில் 'ஸ்பீக்கர் ஒயர் - போர்டில் செருகாதே' என்று பெரிதாக எழுதி, ஒயரின் இரண்டு முனைகளிலும் ஒட்டிவிடுங்கள்.