வைக்கோலின்றிச் செங்கல் அறுத்தல்

அரிய வினைகளைக் குறித்து ஆங்கிலத்தில் வழங்கும் மரபுத்தொடர் பலவற்றுள், 'வைக்கோலின்றிச் செங்கல் அறுத்தல்' என்று பொருள்படுவதொன்று வேதாகமத்தின் வாயிலாக அம்மொழியிற் புகுந்ததாகும். வேண்டும் பொருளைக் கொடாது வேலையை மட்டும் முடிக்கக் கேட்குமிடத்து அதனை வழங்குவர்.

இதன் பிறப்பிடம் யாத்திராகமம் 5-ஆம் அதிகாரம். இஸ்ரவேலரை வனாந்தரஞ் சென்று வழிபட விடுக்குமாறு மோசேயும் ஆரோனும் வேண்ட, பார்வோன் வெகுண்டான். இனி அவர்கட்கு வைக்கோல் கொடுத்தலாகாதென்றும், தாமே அதனைத் தேடிக்கொள்ளல் வேண்டுமென்றும், நாட்கணக்கில் ஒரு கல்லேனுங் குறைதலாகாதென்றும் கட்டளையிட்டான். அவர்களோ எகிப்தெங்கும் அலைந்து தாளடிகளைப் பொறுக்கினர். கணக்குக் குறைந்தபோது அடியுண்டவர் இஸ்ரவேலருள் தலைவராக வைக்கப்பட்டோர். அன்னார் முறையிட்டபோது, சோம்பலுடையீர் என்பதே அரசன் விடை! கொடாதவன் பெறாதவனைச் சோம்பேறி என்னும் இக்கொடுமையே தொடரின் உயிர் என்பது நம் கருத்து.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. வைக்கோலே இல்லாமற் கல் அறுக்குமாறு பார்வோன் பணித்தானல்லன். வைக்கோல் தரப்படாதென்றே பணித்தான். வழக்கு மூலத்தினும் ஓரடி கடந்து நிற்கின்றது.

இனி, மண்ணிற்கு வைக்கோல் எற்றுக்கு? எகிப்தியர் அக்கற்களைச் சூளையிற் சுட்டாரல்லர். நைல் நதியின் வண்டலைக் குழைத்து அச்சிலிட்டு வெயிலில் உலர்த்தினர். (சுடாத கல்லைச் செங்கல் என்றல் பொருந்துமோ எனின், நம் வேதாகமத்திலும் அச்சொல்லே உளது, நாமும் அதனையே மேற்கொண்டோம்.) நறுக்கிய வைக்கோல் சேற்றைப் பிணித்து, காயுங்கால் வெடியாமற் காக்கும். தீப்ஸ் நகரையடுத்த ரெக்மிரே என்னும் அமைச்சனது கல்லறையில், கி.மு. 15-ஆம் நூற்றாண்டினதாகிய ஓவியமொன்று இத்தொழிலை முறையே காட்டுகின்றது. கோல் பிடித்த மேற்பார்வையாளனும் ஆண்டு உளன்.

'சுவர் இருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம்' என்னும் நம் பழமொழி இதற்கு அணித்தே வரும். ஆயினும் அதன்கண் ஏவுவோன் இல்லை. ஆகவே அதனை நேர்மொழிபெயர்ப்பாகக் கொள்ள நாம் உடன்படோம்.

கடினமான வினை யாவற்றிற்கும் இத்தொடரைச் சார்த்துதல் பிழை. 1953-இல் டென்சிங்கும் ஹில்லாரியும் எவரெஸ்டு உச்சியை எய்தியது பேரருஞ்செயலே; கயிறும் பிராணவாயுவும் உடன்கொண்டு சென்றமையின் தொடர் ஆண்டுச் செல்லாது. ஆயிரம் நோயாளருக்கு மருந்தனுப்பாது, அனைவரையுங் குணப்படுத்துக என மருத்துவனைப் பணிக்குமிடத்துச் செல்லும். கோனன் டாயில் 1892-இல் வெளியிட்ட கதையொன்றில், துப்பறியும் ஹோம்ஸ் செய்திகள் போதாமைக்கு இதனையே எடுத்தாள்கின்றான். வைக்கோலை விடுத்துக் களிமண்ணே இல்லையென்கின்றான். அவனுக்கு நேர்ந்த முடை இன்னும் பெரிது போலும்!