பூக்காத சோளத்தை மாட்டுக்குப் போடாதீங்க

தாம்பரத்தை அடுத்த மணிமங்கலத்தில் அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, ரெண்டு மாட்டுக்காகத் தீவனச் சோளம் போட்டிருக்கேன். போன கோடையில் முதல் அறுப்பு முடிஞ்சதும் மழையே இல்லை. மறுதாம்பு முழங்கால் உயரத்துல வாடி நின்னது. ஆடியில் ஒரு மழை பெய்ததும் பசேல்னு துளிர்த்தது. ஆசையா ஒரு கட்டு அறுத்துக் கறவை மாட்டுக்குப் போட்டேன். கொஞ்ச நேரத்துல மாட்டுக்கு மூச்சு வாங்கியது. வாயில் நுரை தள்ளி, தள்ளாடி விழுந்துடுச்சு. கால்நடை மருத்துவர் உடனே வந்து நரம்பு ஊசி போட்டதால் பிழைச்சது.

"மருந்தே அடிக்காத பயிராச்சே டாக்டர், விஷம் எப்படி வந்தது?" என்றேன்.

"யாரும் அடிக்கலைங்க. சோளமே செஞ்சுக்கிச்சு" என்றார்.

உண்மைதான். தன்னைக் கடிக்க வரும் பூச்சி, கால்நடைகளிடமிருந்து தப்பிக்கச் சோளம் தன் இலையில் 'தூரின்' என்ற பொருளைச் சேர்த்து வைக்கிறது. 1902-லேயே இதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். தூரினும் அதை உடைக்கும் நொதியும் இலைக்குள் தனித்தனி இடத்தில் இருக்கின்றன. மாடு மெல்லும்போது இரண்டும் கலந்து சயனைடு வெளியாகிறது. அது ரத்தத்தில் ஏறினால், ஆக்சிஜன் இருந்தும் உடம்பால் அதைப் பயன்படுத்த முடியாது.

இளம் பயிர், மறுதாம்புத் துளிர், வறட்சியில் வாடிய பயிர், வறட்சிக்குப் பின் மழையில் துளிர்த்த பயிர் ஆகியவற்றில் இந்த நஞ்சு அதிகம். தழைச்சத்து மிகுந்தாலும் கூடும். கோழி எருவை அள்ளிக் கொட்டும் நாமும் கவனிக்கணும்.

பயிர் பாதியளவாவது பூத்த பிறகே அறுங்கள். கோ.எஃப்.எஸ். 29 போன்ற மறுதாம்பு ரகங்களில் முதல் அறுப்புக்கே 65 நாளாகும். வாடிய பயிரில் மாட்டை மேய விடாதீர்கள். நன்றாகக் காயவைத்தாலும், ஊறுகாய்ப்புல்லாக்கினாலும் நஞ்சு பெருமளவு குறையும். பசியோடு இருக்கும் மாட்டுக்கு முதலில் வைக்கோல் போடுங்கள். கம்பில் இந்தச் சிக்கல் இல்லை; மழை பொய்க்கும் ஆண்டில் அதை விதைக்கலாம்.

முற்றிய சோள மணியைப் பற்றிப் பயம் வேண்டாம், சோளச்சோறு தாராளமா சாப்பிடலாம். முளைகட்டினால் மட்டும் முளையில் நஞ்சு சேரும். பச்சையாகத் தின்னக் கூடாது.

மாடு தள்ளாடினால் கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாதீங்க. மீதித் தீவனத்தை அகற்றிட்டு, உடனே 1962-க்குக் கூப்பிடுங்க. சோளம் தின்றதையும் மறக்காம சொல்லுங்க.