வீணைச் சுவடியைத் தேடும் வழி

ஆம்பூரில் தோல் மண்டி வைத்திருக்கும் என் தந்தையார் சரக்கோடு சென்னை பெரியமேட்டுக்குச் சென்றபோது நானும் உடன் சென்றேன். என் கையில் பாட்டி விட்டுச்சென்ற வீணை நோட்டு. தெலுங்கு எழுத்தில் சுரங்கள். இயற்றியவர் பெயர் இல்லை. நூலகமொன்றில், "வீணைச் சுவடி உண்டா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டால் விடை வராது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

சுவடிப் பட்டியல்கள் இசைக்கருவியின் பெயரால் அமைவதில்லை. வேங்கடமகியின் 'சதுர்தண்டிப் பிரகாசிகை'யில் முதற்பகுதியே வீணையைப் பற்றியதுதான். ஆனால் நூற்பெயரில் வீணை ஏது? 1609இல் சோமநாதர் இயற்றிய 'ராகவிபோதம்' வீணை மீட்டும் முறைகளுக்குத் தனிக் குறிகளே தருகிறது. அதையும் ரகரத்தில்தான் தேடவேண்டும்.

ஆகவே முதலில் நூற்பெயரை அறிந்துகொண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் 'நியூ கேட்டலாகஸ் கேட்டலாகரம்' தொகுதிகளைப் புரட்டுக. 1949இல் முதல் தொகுதி வெளிவந்த இது பட்டியல்களுக்கெல்லாம் பட்டியல்; எந்த வடமொழிச் சுவடி எந்த நூலகத்தில் உள்ளது என்று காட்டும். தஞ்சைச் சுவடிகளுக்குப் பர்னெல் துரை 1880இல் வெளியிட்ட அட்டவணை உண்டு, மிகச் சுருக்கம். 1928 முதல் வெளிவந்த பி. பி. எஸ். சாஸ்திரியாரின் விளக்கப் பட்டியலோ ஏட்டின் தொடக்கத்தையும் முடிவையும் எடுத்துத் தருகிறது. பெயரற்ற ஏட்டை இனங்காணத் தொடக்க வரியே துணை. தோலைத் தடவிப் பார்த்தே தரம் சொல்வார் என் தந்தையார். ஏறத்தாழ அதே வித்தை!

என் நோட்டுக்கு உதவியது அச்சு நூல். எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் 1904இல் தெலுங்கு எழுத்தில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் பாட்டியின் உருப்படிகள் மூன்றைக் கண்டேன். நான்காவது அதில் இல்லை. அதன் தொடக்க வரியைத் தனித்தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.