முதல் தடவையே பழகிப்போகும் பாட்டு

புதிய பாட்டு ஒன்றைக் கேட்கிறோம். அடுத்த அடி எங்கே போகும் என்று காது முன்கூட்டியே கணக்குப் போடுகிறது. கணக்கு பலித்தால் சந்தோஷம். கொஞ்சம் தள்ளிப்போய், தவிக்கவிட்டுப் பலித்தால் இன்னும் சந்தோஷம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் இதை மூளைக்குள்ளேயே கண்டார்கள். பிடித்த இசையின் உச்சத்தில் மட்டுமல்ல, உச்சம் வரப்போகிறது என்று காத்திருக்கும் விநாடிகளிலும் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது, அதுவும் மூளையின் வேறொரு பகுதியில். ஆக, மெட்டமைப்பவருக்கு இரண்டு வேண்டும்: நமக்குள் ஏற்கெனவே ஊறிய வழக்கம், அதன்மேல் நாம் எதிர்பாராத திருப்பம்.

இரண்டும் சேர்ந்த கதை போடிநாயக்கனூரை ஒட்டிய மலைச்சரிவுகளில் இருக்கிறது. ஏலத்தோட்டம் நிழல்மரக் காடு. இலைத்திரளில் உயர் அதிர்வெண் ஒலிகள் சிதறித் தேயும். மெய்யெழுத்துகளின் கூர்மை சீக்கிரம் மழுங்க, நீட்டி இழுத்த உயிரோசையே தொலைவு போகும். சரிவுக்குச் சரிவு குரல் கொடுக்க இழுப்பு தேவை. தெம்மாங்கிலும் அதே இழுப்பு உண்டு.

இதே மலைத்தொடரில் உள்ள தேவிகுளத்தின் 1958 இடைத்தேர்தலில் பண்ணைப்புரம் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சிக்காகத் தோட்டத் தொழிலாளர்களிடம் பாடினார். தேர்தல் பாட்டு ஒரே கேட்பில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதற்குச் சின்ன அடி வேண்டும், அதுவே திரும்பத் திரும்ப வர வேண்டும், கூட்டம் சேர்ந்து பாட இடமும் வேண்டும். இன்றைய பாப் இசைக்காரர்கள் ‘ஹூக்’ என்று தேடுவதும் இதைத்தான். அண்ணன் வரதராசனின் குழுவில் பாடி வளர்ந்த இளையராஜா 1976இல் ‘அன்னக்கிளி’யோடு திரைக்கு வந்தார்.

அவர் கொண்டுவந்த திருப்பம் மெட்டுக்கு அடியில் இருக்கிறது. நம் நாட்டுப்பாடல் பெரும்பாலும் ஒற்றை மெட்டில் நடப்பது. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்ற இவர், பேஸ் கிட்டாரை வெறும் தாளத்துணையாக நிறுத்தாமல் தனி மெட்டே பாடவிட்டார். மெட்டோடு மெட்டு பின்னும் அந்தக் கலை, இசையமைப்பாளர் பாக் காலத்து ஐரோப்பாவில் உச்சம் தொட்டது. 1982இல் வந்த ‘பனிவிழும் மலர்வனம்’ பாட்டில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். உள்ளே இன்னொரு பாட்டு ஓடுவது தெரியும். நாம் மேலே குரலோடு போய்க்கொண்டிருக்க, சிலிர்ப்பு கீழிருந்து ஏறுகிறது.

2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ வேறொரு மலைத்தோட்டத்தின் பிள்ளை. பாடிய இருவரில் ஒருவரான அறிவின் முன்னோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்கள். சந்தோஷ் நாராயணன் தயாரித்த அந்தப் பாட்டில் ராப்பும் ஒப்பாரியும் கலக்கின்றன. ஒப்பாரி மேலே தொடங்கி, மூச்சு தீரத் தீரக் கீழே இறங்கும். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் மான்டெவெர்டியும் பர்செல்லும் எழுதிய புலம்பல்களிலும் அடிச்சுரம் படிப்படியாக இறங்கியது. துக்கப்பாட்டுக்கு ஆடலாமா என்று தயங்க வேண்டியதில்லை. ஒப்பாரிக்குப் பக்கத்திலேயே பறைக்கு ஆடும் ஊர்கள் நம்முடையவை.

எனக்குள்ள ஆற்றாமை வேறு. தெம்மாங்கையும் ஒப்பாரியையும் தலைமுறைகளாகக் காத்த பெண்கள் எத்தனையோ பேர் இசைத்தட்டு எதிலும் இல்லை. போடிமெட்டு ஏறி ஏலக்காய் பறித்துத் திரும்பியவர்களில் பாடத் தெரிந்த மூதாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் குரலைப் பெயரோடு, ஊரோடு பதிந்து வைக்கும் வேலையை நம் கல்லூரிகள் இப்போதே தொடங்க வேண்டும்.