ஸ்டென்ட் வைத்தவர் மருதம்பட்டை குடிக்கலாமா?

சேலத்தில் ஆஞ்சியோ செய்து, ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ஆத்தூருக்குத் திரும்பும் ஒருவரைப் பார்க்க வரும் உறவினர்களில் யாராவது ஒருவர் கைமருந்து சொல்லாமல் போக மாட்டார். நாட்டு மருந்துக் கடையில் மருதம்பட்டைப் பொடி வாங்கச் சொல்வார். இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறுகளை ஆப்பிள் சிடர் வினிகரோடு காய்ச்சி, தேன் கலந்து தினமும் குடிக்கச் சொல்வார். ஒரு பக்கம் கல்வராயன் மலை, இன்னொரு பக்கம் கொல்லிமலை என இருக்கும் ஊரில் மூலிகைமேல் பற்று இருப்பது இயல்புதான். அந்தப் பற்றைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கஷாயத்தை நம்பி மாத்திரையை நிறுத்திவிடுவதும், கஷாயம் குடிப்பதை டாக்டரிடம் மறைப்பதும்தான் உயிருக்கு ஆபத்து.

சாறு குடித்தால் அடைப்பு கரையுமா?

கரையாது. இதய ரத்தக்குழாயில் இருக்கும் அடைப்பு, சாக்கடைக் குழாயில் தங்கிய கசடு போல உட்புறம் ஒட்டிக்கொண்டிருப்பதல்ல. கொழுப்பும் சுண்ணாம்பும் நார்த்திசுவும் குழாயின் சுவருக்குள்ளேயே பல ஆண்டுகளாகச் சேர்ந்து தடித்தது. வயிற்றுக்குள் போகும் எந்தச் சாறும் அதைக் கழுவிக்கொண்டு வராது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மாத்திரைகள்கூட அதை ஓரளவுதான் சுருக்கும். வெடிக்காமல் கெட்டிப்படுத்துவதே அவற்றின் பெரிய வேலை.

மாத்திரையை நிறுத்தினால்

ஸ்டென்ட் ஓர் உலோக வலை. ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள். குழாயின் உள்தோல் வலைமேல் வளர்ந்து மூடும்வரை, அங்கே ரத்தம் உறைந்து கட்டியாகும் அபாயம் இருந்துகொண்டே இருக்கும். அதனால்தான் ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் அல்லது டிக்காகிரெலார் என்று இரண்டு மாத்திரைகள் தருகிறார்கள். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர்கள் இவ்விரண்டையும் பொதுவாக ஓராண்டு சாப்பிட வேண்டும். பிறகு ஒன்றை மட்டும் தொடர வேண்டியிருக்கும். இடையில் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட்டே திடீரென அடைத்துக்கொள்ளலாம். அப்படி வரும் மாரடைப்பில் பலர் பிழைப்பதில்லை.

நிறுத்துபவர்கள் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை: உடம்பு நன்றாகிவிட்டது, வயிறு எரிகிறது, பல் பிடுங்க வேண்டும். எதுவானாலும் இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடக் கூடாது.

சீனாவில் என்ன செய்தார்கள்?

மரபு மருந்தும் நவீன சிகிச்சையும் சேர்ந்து போக முடியுமா என்பதைச் சீனர்கள் முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜின்செங் வேரோடு அட்டை, தேள், பூரான் முதலியவை சேர்ந்த டோங்சின்லுவோ என்ற மரபு மருந்தை, 124 மருத்துவமனைகளில் மாரடைப்புடன் வந்த 3,777 பேரிடம் சோதித்தார்கள். பாதிப்பேருக்கு அந்த மருந்து, மீதிப்பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. 2023இல் முடிவு வெளியானது. 30 நாளில் மரணம், மறு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்புகள் மருந்து எடுத்தவர்களில் 3.4 சதவீதம், எடுக்காதவர்களில் 5.2 சதவீதம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறு. இரண்டு பிரிவினருக்குமே வழக்கமான நவீன சிகிச்சை முழுமையாகக் கொடுக்கப்பட்டது. பெரும்பாலோருக்கு ஆஞ்சியோபிளாஸ்டியும் நடந்தது. மரபு மருந்து அதற்கு மேல் சேர்க்கப்பட்டதே தவிர, எதற்கும் பதிலாகத் தரப்படவில்லை. இது ஒரு நாட்டில் மட்டும் நடந்த ஆய்வு என்பதால் மற்ற நாடுகளிலும் உறுதியாக வேண்டும். அந்த மருந்தை இணையத்தில் தேடி வாங்கிச் சாப்பிடவும் வேண்டாம்.

நம் மருதம்பட்டைக்கு இவ்வளவு பெரிய ஆய்வு நடக்கவில்லை என்பது வருத்தமான விஷயம். நெஞ்சுவலிக்குக் கொஞ்சம் உதவலாம் என்று சிறிய ஆய்வுகள் சில சொல்கின்றன. ஸ்டென்ட் வைத்தவரைக் காப்பாற்றும் என்பதற்கோ மாத்திரைக்கு ஈடாகும் என்பதற்கோ சான்று கிடையாது. ஆற்றங்கரை தோறும் வளரும் மரத்தின் பட்டையை ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் நேர்மையாகச் சோதிக்க நம் சித்த, நவீன மருத்துவர்கள் கைகோக்க வேண்டும்.

எச்சரிக்கை தேவைப்படுபவை

குழம்பில் போடும் பூண்டும் மஞ்சளும் இஞ்சியும் பயப்பட வேண்டியவை அல்ல. அவற்றையே சாறாக்கியோ மாத்திரையாகவோ அதிக அளவில் எடுத்தால், ஏற்கெனவே ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவருக்கு ரத்தக்கசிவு கூடலாம். மலம் கறுப்பாகப் போனாலோ, ஈறில் ரத்தம் நிற்காவிட்டாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.

இருமலுக்கு வாயில் அடக்கும் அதிமதுரம், நாள்கணக்கில் தொடர்ந்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தைக் குறைக்கும். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவருக்கு இது இரட்டை ஆபத்து. சீந்தில் கொடியால் கல்லீரல் பாதித்த நோயாளிகளைப் பற்றி 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஸ்டாடினுக்கும் கல்லீரலைக் கவனிக்க வேண்டியிருப்பதால், அதைச் சாப்பிடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். வால்வு மாற்றி வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் எடுப்பவர்கள் எந்த மூலிகையையும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஆஞ்சியோ சாயம் சிறுநீரகத்துக்குச் சுமை என்பதால், உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரம் சாப்பிட்டு வந்திருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பைபாஸ் அறுவைக்கு நாள் குறித்தவர்கள் மூலிகைகளை எப்போது நிறுத்துவது என்று அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வதுண்டு.

டாக்டர் திட்டுவார் என்று மறைக்காதீர்கள். சூரணப் பொட்டலம், லேகிய டப்பா, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள். சித்த மருத்துவரிடம் போனாலும் அதே பை கூட வரட்டும். தமிழக அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தப் பிரிவும் இருப்பதால், பட்டம் பெற்ற மருத்துவரிடமே கேட்க முடியும்.

நெஞ்சுவலி வந்த நேரத்தில்

நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சுத்திணறல். இவை வந்தால் கஷாயம் காய்ச்ச உட்காராதீர்கள், 108ஐ அழையுங்கள். ஆத்தூரிலிருந்து சேலம் சுமார் 50 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் வெறுமனே பயணப்படுவதைவிட, முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் ஈசிஜி எடுப்பது நல்லது. 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் முதல் தவணை தருகிறார்கள். புதிதாக உறைந்த ரத்தக்கட்டியை உண்மையில் கரைக்கும் மருந்தும் உண்டு. அது மருத்துவமனையில் போடும் ஊசி. வலி தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் போட்டால்தான் முழுப் பலன் கிடைக்கும்.